கதை உலகத்தோட நோட்ஸை எதுல வெக்கறது: கூகுள் டாக்ஸா, நோஷனா, அப்சிடியனா, வேர்ல்ட் ஆன்விலா?

என் சித்தி பையன் ஒரு நாவல் எழுதறான். மாம்பலத்துல ஒரு காலத்துல பெரிய ஏரி இருந்துச்சு, வெள்ளைக்காரன் லாங் டேங்க்னு சொல்லுவான், 1920கள்ல அதைத் தூர்த்துதான் தி.நகரையே உண்டாக்கினாங்க, இப்போ மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுனு பேரு மட்டும் மிச்சம். அந்த ஏரியைத் தூர்க்காமலே விட்டிருந்தா மெட்ராஸ் எப்படி வளர்ந்திருக்கும்ங்கறதுதான் கதை. பாண்டி பஜார் இருக்கற இடத்துல படகுத்துறை, படகுக்காரங்களுக்குனு ஒரு சங்கம், ஏரிக்காவல்னு ஒரு பரம்பரை உத்தியோகம், மூணு தலைமுறை குடும்பம். கதை இன்னும் ஆறு அத்தியாயம் கூட தாண்டல, நோட்ஸ் மட்டும் வாட்சப்ல தனக்குத்தானே அனுப்பிக்கிட்ட மெசேஜா, டைரியா, போன் கேலரில ஸ்க்ரீன்ஷாட்டா சிதறிக் கெடக்கு. "அக்கா, நோஷனா அப்சிடியனா, ஒண்ணு சொல்லுக்கா, யூட்யூப்ல பார்த்தா தலை சுத்துது"ன்னான். அவனுக்கு சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், இதே குழப்பத்துல நிறைய பேர் இருப்பீங்க.

யூட்யூப்ல தலை சுத்தறது ஏன்னா அவங்க எல்லாரும் இங்கிலீஷ்ல எழுதறவங்க. டெம்ப்ளேட் எத்தனை, கிராஃப் எவ்ளோ அழகா இருக்கு, டார்க் மோட் இருக்கானு போய்ட்டே இருப்பாங்க. நமக்கு முதல் கேள்வியே வேற. தமிழ்ல போட்டு வெச்சதை தமிழ்லயே தேடினா கிடைக்குமா? நெட் இல்லைன்னாலும் திறக்குமா? நாளைக்கு அந்த ஆப்பை விட்டுட்டு போகணும்னா மூட்டை கட்டிட்டு போக முடியுமா? இதுல பாஸ் ஆகாத ஆப்ல மத்தது எல்லாம் எவ்ளோ இருந்தும் எனக்கு வேண்டாம்.

தேடறதை முதல்ல பார்ப்போம், ஏன்னா இதைப் பத்தி யாருமே பேசறது இல்ல.

உங்க கதைல மாணிக்கம்னு ஒருத்தர் இருக்கார்னு வெச்சுக்கோங்க. நோட்ஸ்ல "மாணிக்கத்தை ஏரிக்காவல்லேர்ந்து தூக்கிட்டாங்க"னு எழுதியிருப்பீங்க, இன்னொரு இடத்துல "மாணிக்கத்துக்கிட்ட சாவி இருக்கு"ன்னு எழுதியிருப்பீங்க. இப்போ "மாணிக்கம்"னு தேடினா இந்த ரெண்டுமே வராது. வேற்றுமை சேர்ந்ததும் கடைசி 'ம்' காணாம போய் 'த்து' வந்துருது, கம்ப்யூட்டருக்கு அது வேற சொல்லு. கூவம், சேப்பாக்கம், செல்வம், சங்கம் எல்லாத்துக்கும் இதே கதைதான். காடு காட்டுல ஆகும், ஆறு ஆத்துல ஆகும். வழி என்னன்னா அடிச்சொல்லை மட்டும் போட்டுத் தேடறது, "மாணிக்க", "கூவ", "காட்ட"ன்னு. ஆனா அதுக்கு அந்த ஆப் சொல்லோட ஒரு துண்டை மட்டும் குடுத்தாலும் தேடித் தரணும். சில ஆப் முழு சொல்லு குடுத்தாதான் தேடும். அதனால எந்த ஆப்பை இறக்கினாலும் மத்த எதையும் செட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நோட்ல "மாணிக்கத்தை"ன்னு டைப் பண்ணிட்டு, வெளிய வந்து "மாணிக்க"ன்னு தேடிப் பாருங்க. அதுல ஃபெயில் ஆனா அன்இன்ஸ்டால்.

இன்னொரு டெஸ்ட் கௌரி டெஸ்ட். கௌரின்னு ஒழுங்கா அடிச்சா க மேல ஔகாரக் குறி வரும், ஆனா நிறைய பேரு கெ போட்டு பக்கத்துல ள போட்டு கெளரின்னு அடிப்பாங்க. ஸ்க்ரீன்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே இருக்கும், உள்ள ரெண்டும் வேற வேற எழுத்து. உங்க நோட்ஸ்ல இப்போ ரெண்டு கௌரி இருக்காங்க, ஒருத்தங்களுக்கு கல்யாணம் ஆயிருச்சு, இன்னொருத்தங்களுக்கு ஆகல, ஏன்னா தேடும்போது பாதி நோட்தான் வந்துச்சு. ஔவையாரையும் ஒள-ன்னு அடிக்கறவங்க இருக்காங்க. இது போதாதுன்னு கொ, கோ மாதிரி எழுத்தை யூனிகோட்ல (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் வெச்சுக்கற பொது முறை) ஒரே குறியாவும் வெக்கலாம், முன்னாடி ஒரு கொம்பு பின்னாடி ஒரு கால்னு ரெண்டு குறியாவும் வெக்கலாம். கீபோர்டுல அடிச்சா பெரும்பாலும் ஒரே குறியா வரும், பிடிஎஃப்லேர்ந்தோ பழைய கன்வர்ட்டர்லேர்ந்தோ காப்பி பண்ணா ரெண்டா வரலாம். நல்ல ஆப் ரெண்டையும் ஒண்ணா பார்க்கும், மத்தது பார்க்காது. இதுக்கு ஆப் மாத்தறதை விட சுலபமான வழி, பேரு எல்லாத்தையும் ஒரே இடத்துல ஒரு தடவ சரியா அடிச்சு வெச்சுட்டு எப்பவும் அங்கேர்ந்தே காப்பி பண்றது.

பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி வெச்ச ஃபைல் இருக்கறவங்க (டிடிபி வேலை பார்த்தவங்க வீட்ல கண்டிப்பா இருக்கும்) முதல்ல அதை யூனிகோடுக்கு மாத்திட்டு வாங்க. அது வரைக்கும் எந்த ஆப்பும் அதை தமிழாவே பார்க்காது.

அடுத்தது நெட். மெட்ராஸ்ல உக்காந்து எழுதறவங்களுக்கு டிசம்பர் மாசம்னு ஒண்ணு வருஷா வருஷம் வரும். 2016ல வர்தா அடிச்சப்போ மரம் எல்லாம் சாஞ்சு கரண்ட் இல்ல, நெட் இல்ல, சில ஏரியால நாள்கணக்கா அதே நிலைமை. 2023 மிக்ஜாம்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருக்கறவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. நெட்ல மட்டுமே இருக்கற ஆப்பை நம்பினா லேப்டாப்ல சார்ஜ் இருந்தும் உங்க கதை உலகத்துக்கு உள்ள நீங்களே போக முடியாது. சரி, எல்லாத்தையும் வீட்டு கம்ப்யூட்டர்லயே வெச்சுக்கலாம்னு பார்த்தா 2015 வந்து எதிர்ல நிக்குது, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கம் கீழ் வீட்ல இருந்தவங்க புஸ்தகம், ஹார்டு டிஸ்க், எல்லாமே தண்ணில. ஆக ரெண்டுமே வேணும், கைல ஒரு காப்பி, ஊருக்கு வெளிய ஒரு காப்பி. எந்த ஆப் இதை தொல்லை இல்லாம பண்ண விடுதுங்கறதுதான் பாக்கி கட்டுரையே.

கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ்லேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இதை யாருமே மதிக்க மாட்டாங்க. போன்ல மட்டும் எழுதறவங்க நம்ம ஊர்ல ஏராளம், பிரதிலிபில தொடர் போடறவங்கள்ல நிறைய பேருக்கு லேப்டாப்பே கிடையாது, பஸ்ல, சமையல் முடிச்சுட்டு, தூங்கறதுக்கு முன்னாடினு போன்லதான் எழுதறாங்க. அவங்களுக்கு இது போதும், சும்மா சொல்லல. 15 ஜிபி இலவசம், அந்த இடத்தை ஜிமெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கும்ங்கறது வேற விஷயம், ஆனா எழுத்து எவ்ளோ எழுதினாலும் அதை ரொப்ப முடியாது. 2024லேர்ந்து டாக்ஸ்ல ஒரே டாக்குமென்ட்டுக்கு உள்ள டேப் டேபா பிரிச்சுக்கலாம், பாத்திரங்கள் ஒரு டேப், இடங்கள் ஒரு டேப், சட்டதிட்டம் ஒரு டேப். தமிழ்ல பேசினா டைப் ஆகும். இன்னொண்ணு, இதுக்காகவே நான் கூகுளை விட மாட்டேன்: எழும்பூர் கன்னிமாராலயோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயோ பழைய புஸ்தகத்துப் பக்கத்தை அனுமதி வாங்கி போட்டோ எடுத்துட்டு வந்தா, அந்தப் படத்தை டிரைவ்ல ஏத்தி கம்ப்யூட்டர்ல டாக்ஸ் வழியா திறந்தா தமிழ் எழுத்தைப் படிச்சு டைப் பண்ணிக் குடுத்துரும். பழைய அச்சுல தப்பு நிறைய வரும், உக்காந்து திருத்தணும், இருந்தாலும் முழுசா அடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஷீட்ல ஒரு பேர்ப் பட்டியல் போட்டுக்கோங்க. பேரு, வேற எப்படி எல்லாம் கூப்பிடுவாங்க, தேடறதுக்கான அடிச்சொல்லு, முதல்ல எந்த அத்தியாயத்துல வந்தாங்க, இப்போ உயிரோட இருக்காங்களா. கடைசி நெடுவரிசை சிரிக்கற மாதிரி இருக்கும், ஆனா வாரா வாரம் தொடர் எழுதறவங்களுக்கு அதுதான் உயிர்நாடி, செத்துப்போன அத்தை முப்பதாவது அத்தியாயத்துல வந்து காபி குடுத்தா படிக்கறவங்க விடுவாங்களா. சித்தி பையன் மாதிரி நிஜ ஊரை வளைச்சு எழுதறவங்களுக்கு இன்னொரு நெடுவரிசை வேணும்: இது நிஜமா, நான் மாத்தினதா. 1914 செப்டம்பர்ல எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய் டேங்கை சுட்டது நிஜம், அன்னிக்கு ராத்திரி படகுக்காரங்க விளக்கை அணைச்சுட்டு ஏரி நடுவுல போய் ஒளிஞ்சாங்கங்கறது அவன் விட்ட சரடு. ரெண்டு வருஷம் கழிச்சு படிக்கும்போது எது எதுன்னு அவனுக்கே தெரியாது.

டாக்ஸோட குறை என்னன்னா ஒரு நோட்லேர்ந்து இன்னொண்ணுக்கு தாவறது கஷ்டம். லிங்க் குடுக்கலாம், ஆனா கைல ஒவ்வொண்ணா குடுக்கணும். மாணிக்கம் பேரு வர்ற இடம் எல்லாம் எங்க எங்கன்னு அதுவா சொல்லாது. பேரு மாத்தறதும் சள்ளை. மாணிக்கத்தை சேகர்னு மாத்தலாம்னு ரீப்ளேஸ் குடுத்தீங்கன்னா மாணிக்கம் மட்டும் சேகர் ஆவாரு, மாணிக்கத்தை, மாணிக்கத்தோட எல்லாம் அப்படியே நிக்கும். அடிச்சொல்லைப் போட்டு மாத்தினா சேகர்த்தைன்னு ஒரு புது ஆள் பொறப்பாரு.

நோஷன். இது ஒரு ஆளுக்கான சாமான் இல்லைங்கறது என் அபிப்ராயம். ரெண்டு மூணு பேரு சேர்ந்து வெப் சீரிஸுக்கோ ஆடியோ தொடருக்கோ எழுதறீங்க, வடபழனி பக்கம் ஒரு ரூம்ல உக்காந்து டிஸ்கஷன் நடக்குது, ஒருத்தர் பாத்திரம் போடறாரு இன்னொருத்தர் எபிசோட் போடறாருன்னா இதை விட நல்லது கிடையாது. பாத்திரம் ஒரு டேபிள், இடம் ஒரு டேபிள், எபிசோட் ஒரு டேபிள்னு வெச்சுட்டு ஒண்ணோட ஒண்ணை முடிச்சுப் போட்டுட்டா "ஏரிக்காவல் ஆபீஸ்ல நடக்கற எபிசோட் எல்லாம் காட்டு"ன்னா காட்டிரும். தனி ஆளுக்கு இலவசம், பக்கத்துக்கு அளவு இல்ல, ஆனா இலவசத்துல ஒரு ஃபைல் 5 எம்பிக்கு மேல ஏத்த முடியாது, பழைய மேப் ஸ்கேன் வெச்சிருக்கறவங்க அங்கதான் முட்டிப்பாங்க. நெட் இல்லாம ஓடாதுங்கறதுதான் ரொம்ப நாளா இதோட பெரிய குறை, 2025 ஆகஸ்ட்ல ஆஃப்லைன் வசதி வந்துச்சு, ஆனாலும் இலவச அக்கவுன்ட்ல எந்தெந்தப் பக்கம் வேணும்னு முன்னாடியே நீங்களே சொல்லி இறக்கி வெச்சிருக்கணும், புயல் அறிவிப்பு வந்தப்புறம் மெழுகுவத்தி வாங்க ஓடற மாதிரி கடைசி நேரத்துல இதைப் பண்ண முடியாது. வெளிய எடுக்கலாம், மார்க்டவுனாவும் (சாதா டெக்ஸ்ட்) சிஎஸ்வியாவும் (டேபிள்) வரும், ஆனா ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாடியும் நீளமா ஒரு நம்பர் எழுத்துக் கலவை ஒட்டிட்டு வரும், அதைச் சுத்தம் பண்ணவே ஒரு ஞாயித்துக்கிழமை போயிரும்.

அதோட நோஷன்ல ஒரு போதை இருக்கு. கவர் போட்டோ, ஐகான், கலர் கலரா டேக். படகுச் சங்கத்தோட கொடி என்ன கலர்னு மூணு நாள் யோசிச்சு ஐகான் பண்ணுவாங்க, அத்தியாயம் நகராது. தம்பி இதுல விழுந்துருவான்னு எனக்கு நல்லா தெரியும், அவனுக்கு நோஷன் வேண்டாம்னு நான் சொன்னதுக்கு பாதிக் காரணம் அதுதான்.

அப்சிடியன் பத்தி கொஞ்சம் நிறைய சொல்லணும், ஏன்னா நான் கடைசில அவனுக்கு சொன்னது இதைத்தான். இது ஒண்ணுமே இல்ல, உங்க கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர், அதுல சாதா டெக்ஸ்ட் ஃபைல், பேரு .md-ன்னு முடியும். அதைத் திறந்து காட்டற ஒரு ஜன்னல்தான் அப்சிடியன். நாளைக்கு இந்தக் கம்பெனியே இல்லைன்னாலும் நோட்பேட்ல திறக்கலாம். இலவசம், 2025லேர்ந்து சம்பாதிக்கற வேலைக்குப் பயன்படுத்தினாலும் லைசன்ஸ் வாங்கணும்னு கட்டாயம் இல்ல. நெட் தேவையே இல்ல. துண்டுச் சொல்லு போட்டுத் தேடினா கிடைக்கும், மாணிக்க டெஸ்ட்ல பாஸ்.

இதோட உயிர் லிங்க்லதான் இருக்கு. ரெண்டு சதுர அடைப்புக்குள்ள பேரைப் போட்டா லிங்க் ஆயிரும், [[லேக் வியூ ரோடு]] மாதிரி. அந்தப் பேர்ல நோட் இல்லைன்னாலும் பரவாயில்ல, அமுக்கினா உருவாகும். மாணிக்கத்தோட நோட்டைத் திறந்தா எந்தெந்த நோட்லேர்ந்து எல்லாம் அவரு பேருக்கு லிங்க் வந்திருக்குன்னு அதுவே பட்டியல் போடும். தமிழ்ல எழுதறவங்க இங்க ஒரு பழக்கம் பண்ணிக்கணும். பேரு மாறாம பின்னாடி மட்டும் ஒட்டுதுன்னா அடைப்பை மூடிட்டு ஒட்டிரலாம், [[கௌரி]]க்கு, [[கௌரி]]யோட, அவ்ளோதான். பேரே வளையுதுன்னா நடுவுல ஒரு கோடு போட்டு [[மாணிக்கம்|மாணிக்கத்தை]]ன்னு எழுதணும், லிங்க் மாணிக்கத்துக்குப் போகும், கண்ணுக்கு மாணிக்கத்தைன்னு தெரியும். ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் கை தானா போகும். போன்ல தமிழ் கீபோர்டுலேர்ந்து அந்த அடைப்பை தேடி எடுக்கறது பெரிய வேதனை, அதுக்குன்னு கீபோர்டுக்கு மேல ஒரு பட்டை குடுத்திருக்காங்க, அதுல லிங்க் பட்டன் இருக்கு, அதை அமுக்குங்க. பேரு மாத்தணும்னா ஃபைல் பேரை மாத்தினாப் போதும், லிங்க் எல்லாம் தானா மாறிக்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் நீங்க எழுதின மாணிக்கத்தை மட்டும் நீங்கதான் மாத்தணும்.

ஒரே ஆளுக்குப் பல பேரு இருக்கற கதைக்கு இது இன்னும் சௌகரியம். சரித்திரக் கதை எழுதறவங்களுக்கு இது புரியும், ராஜராஜன் ஒரு கல்வெட்டுல அருண்மொழி, இன்னொண்ணுல மும்முடிச்சோழன், மெய்க்கீர்த்தில ராஜகேசரி. ஒவ்வொரு நோட்டுக்கும் மேல மாற்றுப்பேருன்னு ஒரு இடம் இருக்கு, அங்க இது எல்லாத்தையும் போட்டு வெச்சுட்டா எந்தப் பேரை அடிச்சாலும் ஒரே நோட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். அந்த இடத்துலயே "மாணிக்க"ன்னு அடிச்சொல்லையும் சேர்த்து வெச்சுக்கலாம். பேட்டை ரவுடியும் இதே கேஸ்தான், ரேஷன் கார்டுல ஒரு பேரு, ஏரியால ஒரு பேரு.

குறை இல்லாம இல்ல. லேப்டாப்லயும் போன்லயும் ஒரே நேரத்துல வேணும்னா சின்க் பண்ணணும், அதாவது ரெண்டு இடத்துலயும் ஒரே நோட்ஸ் இருக்கற மாதிரி பார்த்துக்கணும், அப்சிடியன்காரங்களோட சின்க்குக்கு மாசம் 4, 5 டாலர் ஆகும். காசு குடுக்க மனசு இல்லாதவங்க கூகுள் டிரைவ் வழியா பண்ணப் பார்ப்பாங்க, ஆண்ட்ராய்டுல டிரைவ் ஆப் தானா ஃபோல்டரை இறக்கி வெக்காது, அதுக்குன்னு தனியா ஒரு சின்க் ஆப் போடணும், இல்லைன்னா ரிமோட்லி சேவ்னு ஒரு ப்ளக்இன் (அப்சிடியனுக்குள்ள சேர்த்துக்கற குட்டி ஆப்) இருக்கு. ஒரு தடவ செட் பண்ணிட்டா ஓடும், ஆனா டெக்னிக்கல் விஷயம்னா கை நடுங்கறவங்களுக்கு நான் இதை சொல்ல மாட்டேன். இன்னொரு கண்ணி, யாரும் சொல்லாதது: இதுல நோட்டோட தலைப்புதான் ஃபைல் பேரு. ஆண்ட்ராய்டுல ஃபைல் பேரு 255 பைட்டுக்கு மேல போகக் கூடாது, இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூணு, கி-ன்னு ஒரு எழுத்து அடிச்சாலே க மூணு கொக்கி மூணு ஆறு பைட் போச்சு. அதனால தமிழ்ல சராசரியா ஐம்பது எழுத்துல கதவு மூடிரும். விண்டோஸ்ல இந்தக் கணக்கு வேற, அங்க நீளமான தலைப்பை எடுத்துக்கும், போனுக்கு வரும்போதுதான் மாட்டும். "மாணிக்கம் ஏரிக்காவல் உத்தியோகத்தை விட்டுட்டு ராயபுரத்துக்குப் போனதும் அங்க நடந்ததும் அப்புறம் திரும்பி வந்ததும்"னு எல்லாம் தலைப்பு வெக்காதீங்க, மாணிக்கம் ராயபுரம் போதும்.

கிராஃப் வியூன்னு ஒண்ணு இருக்கு, நோட் எல்லாம் புள்ளி புள்ளியா கோடு போட்டு நட்சத்திரக் கூட்டம் மாதிரி காட்டும். இன்ஸ்டால போடலாம். வேற எதுக்கும் ஆகாது.

உலகம் கட்டறதுக்குன்னே பண்ணின ஆப்புக்கு வருவோம். வேர்ல்ட் ஆன்வில் 2017ல வந்தது, முழுக்க பிரவுசர்லதான் ஓடும். இனம், மதம், நாடு, ஆயுதம், மந்திரம்னு ஒவ்வொண்ணுக்கும் கேள்வித்தாள் மாதிரி டெம்ப்ளேட் இருக்கும், மேப்ல ஊசி குத்தலாம், கற்பனை காலண்டர் போடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி விளையாட்டு நடத்தறவங்களை மனசுல வெச்சுப் பண்ணினதுன்னு பார்த்த உடனே தெரியும். எல்ஃப் இனத்தோட சராசரி உயரம் கேக்கும், படகுச் சங்கத்துல யாருக்கு யாரு பொண்ணு குடுப்பாங்கன்னு கேக்காது. நீங்களே காலியா ஒரு கட்டுரை போட்டு எழுதலாம்தான், அப்போ டெம்ப்ளேட்டுக்காக எதுக்கு அங்க போகணும். இலவச அக்கவுன்ட்ல எழுதறது எல்லாருக்கும் தெரியற மாதிரிதான் இருக்கும், மறைச்சு வெக்கணும்னா காசு. கொலை பண்ணினது யாருன்னு நோட்ஸ்லயே ஊருக்கு சொல்லிட்டு நாவல் எழுத முடியுமா. இது யாருக்கு நல்லதுன்னா, ஏற்கெனவே தொடர் ஓடிட்டு இருக்கு, வாசகர்கள் ரெடியா இருக்காங்க, அவங்களுக்கு மேப், வம்சம், அகராதி எல்லாம் காட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு. அது நோட்ஸ் இல்ல, கண்காட்சி.

கேம்ப்ஃபயர் இதோட தங்கச்சி மாதிரி, கொஞ்சம் சிம்பிள், பாத்திரம், டைம்லைன், மேப்னு தேவையானதை மட்டும் தனித்தனியா வாங்கிக்கலாம், மாசக் கணக்காவும் குடுக்கலாம், ஒரே தடவையாவும் கட்டலாம். லெஜண்ட்கீப்பர் மேப் அழகா இருக்கும், ட்ரையல் முடிஞ்சா காசு. மேப் மட்டும்தான் வேணும்னா அஸ்கார் மேப் ஜெனரேட்டர் இலவசம், பிரவுசர்ல தீவு, நதி, எல்லை எல்லாம் நொடில போட்டுக் குடுக்கும், ஆனா மெட்ராஸை வளைச்சு எழுதறவனுக்கு அது எதுக்கு, பழைய மேப் ஒண்ணை எடுத்து மேல கோடு கிழிச்சா முடிஞ்சது.

ஸ்க்ரிவனரைப் பத்தி நிறைய பேரு கேப்பாங்க. நாவலை எழுதறதுக்கு அது தங்கம், அத்தியாயத்தைத் துண்டு துண்டா எழுதி எடுத்து மாத்தி அடுக்கலாம், பக்கத்துலயே ரிசர்ச் ஃபோல்டர் இருக்கும். சுமார் 60 டாலர், ஒரே தடவ, 30 நாள் ட்ரையல் உண்டு, அதுலயும் நீங்க திறக்கற நாளை மட்டும்தான் எண்ணும்ங்கறது பெரிய மனசு. ஆண்ட்ராய்டுல கிடையாது, நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. ப்ராஜெக்ட்டை கூகுள் டிரைவ்ல வெச்சு வேலை பார்க்காதீங்கன்னு அவங்களே சொல்றாங்க, டிராப்பாக்ஸ்ல வைங்க. உலக நோட்ஸுக்கு இதை வாங்கறதுல எனக்கு அவ்ளோ உடன்பாடு இல்ல, லிங்க் எல்லாம் இருக்கு, ஆனா அது ஒரு எழுத்து மேஜை.

ஒன்நோட் இலவசம், பேனா வெச்சு வரையறவங்க மட்டும் பாருங்க. டிட்லிவிக்கின்னு 2004லேர்ந்து ஒண்ணு இருக்கு, முழு விக்கியும் ஒரே ஹெச்டிஎம்எல் ஃபைல், பென் டிரைவ்ல போட்டு எந்த கம்ப்யூட்டர்லயும் பிரவுசர்ல திறக்கலாம், ஆபீஸ் சிஸ்டத்துல எதையும் இன்ஸ்டால் பண்ண விடாத ஆளுங்களுக்கு வரப்பிரசாதம்.

எந்த ஆப் எடுத்தாலும் நம்ம கதைக்கு ரெண்டு இடத்துல இடிக்கும். ஒண்ணு வம்சம். ஆப் போடற குடும்ப மரம் எல்லாம் மேலேர்ந்து கீழ வரும், ஒரு தலைமுறை ஒரு வரிசை. நம்ம வீட்ல அக்கா பொண்ணை தாய்மாமன் கட்டிப்பாரு, அப்போ அவரு எந்த வரிசை? பொண்ணுக்கு அம்மாவோட தம்பி, புருஷன், பாட்டிக்கு மகன், பேத்தியோட மாப்பிள்ளை எல்லாம் அவரே. தம்பி கதைல ரெண்டு தலைமுறையா இப்படி, ஒரு ஆப்ல போட்டுப் பார்த்தான், ஆளு ரெண்டு தடவ வந்து கோடு எல்லாம் பின்னிக்கிச்சு. இதுக்கு அப்சிடியன்ல கேன்வாஸ்னு இருக்கற வெத்துப் பலகைதான் சரி, பேரைப் பெட்டி பெட்டியா வெச்சு இஷ்டத்துக்கு அம்புக்குறி போடலாம், அம்பு மேல "மாமன் முறை"ன்னு எழுதலாம். இல்லைன்னா சார்ட் பேப்பர்.

இன்னொண்ணு வருஷம். எக்ஸெல்லுக்கு 1900க்கு முன்னாடி தேதியே கிடையாது, 1639னு நாள் மாசத்தோட போட்டா அதை வெறும் எழுத்தாத்தான் வெச்சுக்கும். பிரபவ, விபவன்னு தமிழ் வருஷம் எழுதறவங்களுக்கு 60 வருஷத்துக்கு ஒரு தடவ அதே பேரு வந்துரும், பிரபவன்னா 1867ஆ, 1927ஆ, 1987ஆ? சோழர் கதைன்னா ஆட்சியாண்டு, அதுலயும் ராஜேந்திரனோட கணக்கு 1012ல இளவரசுப் பட்டம் கட்டினப்போவே ஆரம்பிக்குது, அப்பா 1014 வரைக்கும் இருக்காரு, ரெண்டு ராஜாவோட யாண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். கற்பனை காலண்டர் போட அப்சிடியன்ல காலண்டேரியம்னு ப்ளக்இன் இருக்கு, ஏயான் டைம்லைன்னு தனி சாஃப்ட்வேரே இருக்கு. ஆனா நான் சொல்றது, எந்தக் கணக்குல எழுதினாலும் பக்கத்துல ஒரு நெடுவரிசைல வெறும் நம்பரா வருஷத்தைப் போட்டு வைங்க, கதைல அது வரவே வேண்டாம், வரிசைப்படுத்தறதுக்கு மட்டும். அகர வரிசைக்கும் இதே வைத்தியம்தான், யூனிகோட் நம்பர்படி அடுக்கற ஆப்ல ன வந்து ந-வுக்கு அடுத்தே நிக்கும், ற வந்து ர பக்கத்துல நிக்கும், நம்ம வரிசை வராது, அத்தியாயத்துக்கு எல்லாம் 01, 02னு முன்னாடி போட்டுருங்க.

கடைசியா காசு விஷயம். டாலர்ல கட்டறதுன்னா கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் பண்ணியிருக்கணும், புதுக் கார்டுல அது ஆஃப்லதான் வரும். 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், பேங்க் ஃபாரெக்ஸ் கட்டணம்னு ஒண்ணு எடுக்கும், 4 டாலர்னு பார்த்தது 4 டாலராவே வராது. மாச சந்தாவுல இன்னொரு தலைவலி, 2021 அக்டோபர்லேர்ந்து ரிசர்வ் பேங்க் தானியங்கிப் பிடித்தத்துக்கு விதி கடுமையாக்கினதும் வெளிநாட்டு சைட்ல மாசா மாசம் கார்டு போகறது சில சமயம் திரும்பிரும். அதனால முடிஞ்ச வரைக்கும் ஒரே தடவையா கட்டறதையோ வருஷ சந்தாவையோ பாருங்க.

கட்டறதுக்கு முன்னாடி நாலு நோட் மட்டும் அடிச்சு எக்ஸ்போர்ட் குடுத்து, வந்த ஃபைலைத் திறந்து பாருங்க. சிஎஸ்வியா வந்தா டபுள் க்ளிக் பண்ணி எக்ஸெல்ல திறக்காதீங்க, தமிழ் எல்லாம் கிறுக்கலா தெரியலாம், ஃபைல் கெட்டுப் போச்சோன்னு பயந்துருவீங்க. எக்ஸெல்ல டேட்டா மெனுவுக்குப் போய் டெக்ஸ்ட் ஃபைல்லேர்ந்து எடுன்னு குடுத்து யுடிஎஃப்-8 செலக்ட் பண்ணுங்க, இல்லைன்னா கூகுள் ஷீட்ஸ்ல ஏத்துங்க. அங்கயும் கிறுக்கலாவே இருந்தா கார்டை எடுக்காதீங்க.